பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்த பிறகு: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்வியாளர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நெஞ்சு படபடக்கிறது, கால் மரத்துப்போகிறது, சாப்பிட்டால் வயிறு பிசைகிறது என்று வரும் நோயாளிக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து, எல்லாம் சரியாக இருப்பதைக் கண்டதும், ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று அனுப்பிவிடுவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. வலி குறையாத அவர் சில வாரங்களில் வேறொரு துறையில், வேறொரு ஸ்கேனுக்காக வரிசையில் நிற்கிறார். மனநிலையையும் உடல் அறிகுறியையும் சேர்த்துப் பார்க்கும் உளஉடலியல் மருத்துவத்தை, மற்றவர்கள் கைவிட்ட பிறகு போய்ச் சேரும் கடைசி இடமாக நாம் வைத்திருப்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். முதல் சந்திப்பிலேயே அது தொடங்கும்படி பாடத்திட்டத்தையும் பணிமுறையையும் மாற்றியமைக்க வேண்டுகிறேன்.

இத்துறையின் மீதுள்ள ஐயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், இரைப்பைப் புண், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட ஏழு நோய்களை உள்மனப் போராட்டங்களோடு இணைத்துப் பேசினார். 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து எடுத்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். புண்கள் பலவற்றை ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் குணப்படுத்த முடிந்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மனமே காரணம் என்று அவசரப்பட்ட கோட்பாடு அதில் அடிபட்டது நல்லதே. ஆயினும் அந்தக் கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் முன்வைத்த உயிரியல்-உளவியல்-சமூக மாதிரி இங்கேதான் உதவுகிறது: ஒற்றைக் காரணத்தைத் தேடாமல், எவையெல்லாம் சேர்ந்து இந்த மனிதரை இப்போது நோயில் தள்ளின என்று கேட்க அது மருத்துவரைப் பழக்குகிறது.

மனநிலை உடலைத் தொடும் வழிகள் இன்று கண்ணுக்குத் தெரிபவை. பெருந்துயரத்துக்கோ அதிர்ச்சிக்கோ பிறகு மாரடைப்பைப் போலவே நெஞ்சு வலியோடு வந்து, ஈசிஜியும் மாறியிருக்க, இதயத் தமனியில் அதற்கேற்ற அடைப்பு இல்லாமல் இடது கீழறையின் நுனி மட்டும் உப்பிக் கிடக்கும் நோயை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் டகோட்சுபோ என்று பெயரிட்டு விவரித்தார்கள். அந்த இதயத்தை எக்கோவில் பார்த்தவர் எவரும் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லமாட்டார்.

நடைமுறைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஒரு கால் செயலிழந்து வந்தவரைப் படுக்கவைத்து, அந்தக் குதிகாலின் கீழ் கையை வைத்து அழுத்தச் சொன்னால் அவரால் முடிவதில்லை. பிறகு நல்ல காலை, மருத்துவர் தடுக்கத் தடுக்க, மேலே தூக்கச் சொல்லும்போது, செயலிழந்த காலின் குதிகால் தானாகவே கையை அழுத்துகிறது. 1908இல் அமெரிக்க மருத்துவர் ஹூவர் விவரித்த இச்சோதனையை நடிப்பைக் கண்டுபிடிக்கும் பொறியாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. நம்மில் சிலர் இன்றும் அப்படித்தான் பார்க்கிறோம். அதையே நோயாளியிடம் காட்டி, ‘நரம்புப் பாதை அறுபடவில்லை, இயக்கும் முறையில்தான் தடை, பயிற்சியால் மீட்கலாம்’ என்று விளக்கினால், அவநம்பிக்கைக்குரிய அடையாளமே சிகிச்சையின் தொடக்கமாகிறது. நரம்புப் பாதை அறுபடாமல் இயக்கம் மட்டும் தடைபடும் இந்தச் செயல்பாட்டு நரம்பியல் கோளாறு இப்படி நேரடி அடையாளங்களைக் கொண்டு கண்டறியப்படுவது. பரிசோதனைகள் எல்லாம் தீர்ந்த பின் ஒட்டும் சீட்டு அல்ல. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடும், உடல் அறிகுறிகளைப் பற்றிய அளவுமீறிய கவலை வாழ்வைக் குலைக்கும் உடல் அறிகுறிக் கோளாற்றைக் கண்டறிய ‘மருத்துவக் காரணம் கிடைக்கவில்லை’ என்ற நிபந்தனையை நீக்கிவிட்டது. புற்றுநோயோ இதய நோயோ உள்ளவருக்கும் அக்கோளாறு சேர்ந்தே இருக்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘மனக்கவலை’ என்று ஒருமுறை கோப்பில் எழுதிவிட்டால், பிறகு வரும் புதிய அறிகுறியை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ஆகவே முறையான மறுபரிசோதனை இல்லாத உளஉடலியல் மருத்துவத்தை நான் கேட்கவில்லை.

மாணவர்கள் இதை மனநலத் துறையின் சில வார வகுப்புகளில் மட்டுமன்றி, பொது மருத்துவ, இதய, குடல் வார்டுகளிலேயே கற்க வேண்டும். மனநல மருத்துவர் அந்த வார்டுச் சுற்றுகளில் உடன் வர வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வந்தால் நோயின் போக்கே மோசமாகிறது என்பது தெரிந்திருந்தும், கேட்டால் மட்டும் மனநல மருத்துவரை அழைக்கும் வழக்கம் போதாது. நீண்டகால அறிகுறியோடு வருபவருக்குப் புறநோயாளிப் பிரிவில் நீளமான சந்திப்பு நேரம் ஒதுக்குங்கள். வெளியேற்றக் குறிப்பில் கேள்விக்குறி போட்ட ஊகத்தை விடுத்து, கண்டறிந்த நோயின் பெயரையும், அதற்கு ஆதாரமான அடையாளத்தையும், மீண்டும் எப்போது யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்