ஒரு பக்க நோட்டு, 53 துணுக்கு: துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964இல் எழுதிய ‘இன் சி’ என்ற இசைப்படைப்பு எங்கள் இசைப்பள்ளி மாணவர் குழுவின் மேடையில் 52 நிமிடம் ஒலித்தது. வாசித்தவர்கள் 29 பேர். விருந்தினராக வந்து உடன் வாசித்த இசையமைப்பாளரின் பெயரும் நிகழ்ச்சித்தாளில் அந்த 29க்குள் அகரவரிசையில்தான் வந்தது. தனியாகப் போடவேண்டாம் என்பது அவர் விருப்பம். அந்தத் தாளில் வராத பெயர்களுக்கு உரியவர்களுக்காகவே இந்த மடல்.

முழு இசையும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 53 சிறு துணுக்குகள். ஒவ்வொன்றையும் விரும்பிய தடவை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நடத்துநர் கிடையாது. எல்லாரையும் கட்டிப்போடுவது பியானோவின் உச்சத்துச் ‘சி’ ஸ்வரக் கட்டைகளில் விடாமல் விழும் தட்டு ஒன்றே. பார்க்க எளிது. அதை நம்பித்தான் முதலில் இரண்டே ஒத்திகை போதும் என்று திட்டமிட்டோம், பதினொன்று ஆயிற்று.

முதல் நன்றி பியானோவுக்குச் சுருதி சேர்த்தவருக்கு. வாடகைக்கு வந்த மரிம்பா (மரப்பட்டைகளைக் குச்சியால் தட்டும் கருவி) 442 ஹெர்ட்ஸ் சுருதியில் இருந்தது, பியானோ 440இல். வித்தியாசம் 8 சென்ட்தான், அதாவது அரை ஸ்வரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு. ஆனால் தட்டு விழும் உச்ச ஸ்தாயியில் அதுவே கரகரப்பாகக் கேட்கும். மரிம்பாவின் மரப்பட்டைகளைத் திருக முடியாது. ஆகவே பியானோதான் ஏறியாக வேண்டும். ஏற்றிய தந்தி கொஞ்சம் இறங்கும் என்பதால் ஒருநாள் விட்டு மறுபடியும் வந்து சேர்த்தார். மேல்கட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று தந்திகள். ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று நழுவி ஒலி பிசிறும், பாதி அழுத்தத்துக்கு மேல் போகவேண்டாம் என்று அவர் சொன்னதுதான் கடைசிவரை காப்பாற்றியது.

அந்தத் தட்டைப் பங்கிட்டுக்கொண்ட இரு மாணவிகளை இங்கேயும் சொல்லாமல் முடியாது. நிமிடத்துக்கு 240 தட்டு. 52 நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,500. ஒரே கையால் ஆகிற காரியமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம்: வருகிறவர் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே சேர்ந்து எட்டுத் தட்டு கூடவே அடிப்பார், பிறகு முந்தியவர் கையை எடுப்பார். இந்தத் தட்டு ரைலியின் மூல யோசனையில் இல்லை. முதல் நிகழ்ச்சிக்கான ஒத்திகையில், வாசித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ரைஷ் சொல்லிச் சேர்ந்தது. அது இல்லாமல் ஒருநாள் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் நிமிடத்தில் ஆளுக்கொரு காலப்பிரமாணம்.

நோட்டு பெயர்த்து எழுதித் தந்தவருக்கு நன்றி. சில கருவிகளில் எழுதியிருக்கும் ஸ்வரம் ஒன்று, ஒலிப்பது வேறு. கிளாரினெட்டுக்குச் ‘சி’யை ‘டி’ என்றும், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ‘ஏ’ என்றும், ஹார்னுக்கு ‘ஜி’ என்றும் எழுதவேண்டும். ஒரு பக்கம் நான்கு விதமாயிற்று. 35ஆம் துணுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நீளம். அதை மட்டும் மடித்து எழுதாமல் ஒரே வரியில் வைத்தார். வாசிப்பவர்கள் அங்கேதான் வழக்கமாக இடம் தவறுவார்கள்.

வாய்ப்பாட்டு ஆசிரியைக்கும் வீணை ஆசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ‘சி’யை ஸட்ஜமாக வைத்துத் துணுக்குகளை ஸ்வரமாகப் பாடவைத்த பிறகே பலருக்கு மனதில் நின்றன. முதல் துணுக்கு ஸட்ஜத்தைத் தொட்டுக் காந்தாரம், மூன்று தரம். 14ஆவது மேல் ஸ, நி, ப, அப்புறம் பிரதி மத்யமம். நெடுநேரம் கேட்ட சுத்த மத்யமத்துக்குப் பின் அந்தப் பிரதி மத்யமம் (மேற்கத்தியப் பெயரில் எஃப் ஷார்ப்) முதன்முறையாக வரும்போது அரங்கத்தின் நிறமே மாறும். நம் பிள்ளைகள் அங்கே கமகம் போடாமல், ஸ்வரத்தை அசைக்காமல் இருக்கப் பட்ட பாடு பெரிது. முன்னால் போனவர் பிரதி மத்யமத்தில் நிற்பார், பின்தங்கியவர் இன்னும் சுத்த மத்யமத்தில் இருப்பார்; இடையில் ஒருவர் அசைத்தால் இரண்டுமே கலங்கிவிடும். இன்னொரு பழக்கம், சமம் (தாளத்தின் முதல் தட்டு) தேடுவது. எல்லாரும் ஒரே தட்டில் தொடங்கிவிட்டால் துணுக்குகள் ஒன்றோடொன்று கோக்காது. வேண்டுமென்றே அரைத் தட்டு தள்ளித் தொடங்கப் பழக்கினார் வீணை ஆசிரியர். ஒரு கட்டைச் சுருதிக்கு (அதாவது ‘சி’க்கு) இறக்கியதில் தந்தி தளர்ந்து இரைந்த வீணைக்குத் தடித்த தந்தி மாற்றியதும் அவரே.

மேடை அமைத்தவர்கள் முதலில் நீள வரிசை போட்டார்கள். கோடிக்குக் கோடி 12 மீட்டர். ஒலி அதைக் கடக்க 35 மில்லிசெகண்ட் ஆகும், தட்டுக்குத் தட்டு இடைவெளியோ 250. அந்தத் தாமதம் போதும் குழம்ப. முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் பிரித்து, பியானோவை நடுவில் வைத்து அரைவட்டமாக மூன்று வரிசை போட்டார்கள்.

விருந்தினராக வந்த இசையமைப்பாளர் பாஸ் கிளாரினெட்டோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று துணுக்குக்கு மேல் விலகக்கூடாது என்பது விதி, மாணவர்களோ ஓடுவார்கள். முதல் ஒத்திகையில் 24 நிமிடத்தில் 53ஐத் தொட்டுவிட்டவர்கள் உண்டு. அவர் திட்டவில்லை. 6ஆம் துணுக்கின் நீண்ட ஒற்றைச் ‘சி’யைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தார், முன்னால் ஓடியவர்களுக்குத் தாமாகவே காது திரும்பியது. அடிக்கடி வாசிப்பை நிறுத்திக் கேட்டார். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் நிறுத்தக் கற்றார்கள். எங்கள் வாய்ச்சொல்லால் ஒரு மாதமாக அது நடக்கவில்லை. முடிவில் எல்லாரும் 53இல் வந்து கூடும்வரை காத்திருந்து, மூன்றுமுறை ஏற்றி இறக்கி, ஒவ்வொருவராக விலகியதில் கடைசியாக நின்றது ஒரு வயோலாவும் தட்டும்.

வெளியீட்டாளரிடம் அனுமதி வாங்கித் தந்தவர், ஏ3 தாளில் தெளிவாக அச்சடித்துத் தந்த ஜெராக்ஸ் கடைக்காரர், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கத் துணிக் கிளிப் 60 கொண்டுவந்த பெற்றோர், இரவு பத்துவரை கதவைப் பூட்டாத காவலாளி, எல்லாருக்கும் நன்றி.

மரிம்பா குச்சி ஒரு ஜோடியும், நீல மூடியுள்ள ஃபிளாஸ்க் ஒன்றும், கிளிப்புகளில் நாற்பத்துச் சொச்சமும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாணவர் இசைக்குழுப் பொறுப்பாளர்கள்