லண்டன் என்றால் எந்த லண்டன், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

"சனிக்கிழமை மாலை லண்டன் வருகிறேன்" என்று நான்கே சொல்லில் செய்தி அனுப்பியிருக்கிறாய். விமானம் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு சிக்கனம் ஆகாது. போன தடவையும் இப்படித்தான். நான் ஹீத்ரோவில் ஐந்தாவது முனையத்தின் வருகை வாசலில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றேன். நீ கேட்விக்கில் இறங்கி, அக்காவைக் காணோமே என்று அங்கே நின்றாய். இரண்டுக்கும் நடுவில் எம்25 நெடுஞ்சாலை, அதில் வெள்ளிக்கிழமை நெரிசல். சாப்பாடு ஆறிப்போனது யாரால் என்று தொடங்கிய சண்டை, எந்த விமான நிலையம் நல்லது என்பதில் போய் நின்றது. நீ சொன்னதற்கெல்லாம் அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. தனியாக எழுதினால் படித்துவிட்டு மறந்துவிடுவாய் என்பதால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

நீ லண்டன் சிட்டி விமான நிலையத்தின் கட்சி. பழைய கப்பல் துறையின் நடுவே 1987இல் திறந்த நிலையம் அது. ஓடுபாதை 1,508 மீட்டர்தான்; இரு பக்கமும் தண்ணீர். மற்ற இடங்களில் சுமார் 3 பாகைச் சரிவில் இறங்குகிற விமானம் இங்கே 5.5 பாகையில் இறங்கியாக வேண்டும். அதற்கென்று தனிப் பயிற்சி எடுக்காத விமானி அங்கே போக முடியாது என்று சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமையைக் கவனித்தேன்.

நான் முதல்முறை அங்கே இறங்கியபோது அந்தச் சரிவு வயிற்றில் தெரிந்தது. மாடிப்படியில் ஒரு படி தவறினால் வருமே, அந்த உணர்வு விடாமல் இரண்டு நிமிடம். ஜன்னலில் உயரமான கட்டடங்கள், பிறகு திடீரென்று தண்ணீர், பிறகு சக்கரம் தொட்ட 'தொம்'. முன் இருக்கையின் முதுகில் கைவைத்துத்தான் நிமிர்ந்து உட்கார முடிந்தது. "உங்கள் ஆள் விமானத்தைக் கீழே போட்டார்" என்று உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்காமல் மேசைக்கத்தியை ஓடுபாதையாக வைத்து, உப்புக் குப்பியை அதன்மேல் இறக்கிக் காட்டினாய். முதலில் பூப்போல. குப்பி மிதந்துகொண்டே போய்க் கத்தியின் நுனிக்கு அருகில்தான் தொட்டது. "மிச்சம் எங்கே நிற்கும், குழம்புச் சட்டியிலா?" என்றாய். இரண்டாம் முறை கைப்பிடியிலேயே நச்சென்று வைத்தாய். பயணி கைதட்டுகிற மென்மையான இறக்கத்தில், நிற்பதற்கான தூரம்தான் செலவாகிறது என்று அன்றுதான் புரிந்தது. அந்த விமானியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தருகிறேன்.

ஆனால் அங்கே விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டு அலுவலர்கள் ஓடுபாதைக்கு அருகில் இல்லை என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்ததை மன்னிக்கவில்லை. 2021 முதல் அவர்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஹாம்ப்ஷயரில் ஸ்வான்விக் என்ற ஊரில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருப்பது 50 மீட்டர்க் கம்பமும் அதன் கேமராக்களும்தான். "கண்ணைவிடக் கேமரா நன்றாகப் பார்க்கும்" என்றாய். இருக்கலாம். கோபுரத்தில் ஒரு மனிதத் தலை தெரிந்தால் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

ஹீத்ரோவுக்கு வருகிறேன். உன்னால் என் பழக்கம் ஒன்று மாறியது அங்கேதான். முன்பெல்லாம் விமானம் வட்டமடிக்கத் தொடங்கியதும் எனக்கு எரிச்சல் வரும். அதே வயல், அதே நீர்த்தேக்கம், அதே சாலை மூன்றாம் முறை வரும்போது பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இடமில்லாத ஊருக்கு எதற்கு இத்தனை விமானம் என்று நானும் நினைத்ததுண்டு. நகரைச் சுற்றி நான்கு காத்திருப்பு வளையங்கள் இருக்கின்றன, பாவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்று பெயர், ஒவ்வொன்றிலும் ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் அடுக்கடுக்காகச் சுற்றும், அடியில் உள்ளது வெளியேறினால் மேலே உள்ளவை ஒவ்வொரு படி இறங்கும் என்று நீ விளக்கினாய். இருப்பது இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு, புறப்படுவதும் இறங்குவதும் சேர்த்து, 4,80,000 தடவைதான் உச்சவரம்பு. அதை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பி ஓட்டுகிறார்கள். வாசலில் எப்போதும் நாலு பேர் தயாராக நின்றால்தான் வாசல் ஒரு நிமிடம்கூடச் சும்மா கிடக்காது. தாமதம் என்று நான் திட்டியது அவர்களே வேண்டி வைத்திருக்கும் வரிசை!

எதிர்க்காற்றின் கதையும் எனக்குப் பிடித்தது. பலமான எதிர்க்காற்றில் விமானம் தரைக்கு மேலே மெதுவாக நகரும். விமானங்களுக்கு நடுவே இத்தனை மைல் என்று தூரத்தை அளந்தால் மணிக்கு இறங்கும் எண்ணிக்கை குறைந்துபோகும். 2015 முதல் அங்கே தூரத்துக்குப் பதில் நேரத்தை வைத்து இடைவெளி விடுகிறார்கள். இவ்வளவு எளிய யோசனைக்கு இத்தனை காலம் ஆனதா என்று கேட்டேன், நீ முறைத்தாய். இப்போதெல்லாம் சுற்றும்போது நாங்கள் எத்தனையாவது படியில் இருப்போம் என்று கணக்குப் போடுகிறேன். மேற்குக் காற்று அடிக்கும் நாளென்றால் வலது ஜன்னல் இருக்கை கிடைக்கப் பார்க்கிறேன். தேம்ஸ் நதியும் நகரமும் அந்தப் பக்கம்தான்.

சரி, இப்போது என் முறை. என்ஜினை அணைத்ததும் உனக்கு விமான நிலையம் முடிந்துவிடுகிறது. வெளியே உனக்கென்று ஒரு வண்டி நிற்கும். எனக்கு அங்கேதான் தொடக்கம். ஓடுபாதை, காற்று, சரிவு என்று நீ அளந்தாய். ரயில் எத்தனை மணிக்கு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. லண்டன் என்ற ஒரே நகரக் குறியீட்டின் கீழ் ஆறு விமான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் சவுத்எண்ட் கடலோரம். ஸ்டான்ஸ்டெட் எசெக்ஸ் வயல்களுக்கு நடுவே. லூட்டன் வேறு ஊர். 2023இல் குட்டி ரயில் வரும்வரை பெரிய ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்துத்தான் முனையத்துக்குப் போக வேண்டும். ஒரு விமான நிறுவனம் எனக்கு 'லண்டன்' என்று கொட்டை எழுத்தில் டிக்கெட் விற்றது. அது எந்த லண்டன் என்பதைப் பொடி எழுத்தில் வைத்திருந்தது. காலை ஆறரை விமானத்துக்கு இரவு இரண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். வானத்தில் இருந்தது ஒரு மணி பத்து நிமிடம். அந்த விமானியை நான் குறை சொல்லவே இல்லை, அருமையாக ஓட்டினார். ஆனால் அவர் ஓட்டியது என் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சிட்டியில் மட்டும் நம் இருவர் கணக்கும் ஒத்துப்போகிறது. வெளியே வந்தால் வாசலிலேயே ரயில். கதவு திறந்து கால் மணி நேரத்தில் நான் ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. (2018 பிப்ரவரியில் பக்கத்துத் துறைநீரில் உலகப்போர்க் காலத்து 500 கிலோ குண்டு கிடைத்து நிலையத்தையே மூடினார்களே, அதை மறந்துவிடவில்லை.)

கேட்விக்கைப் பற்றி நாம் சண்டை போட ஒன்றுமில்லை. அன்றாடம் ஒற்றை ஓடுபாதையில் ஓடுகிற இடம். 2018 டிசம்பரில் ட்ரோன் தெரிகிறது என்று முப்பது மணி நேரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. பக்கத்திலிருக்கும் மாற்று ஓடுபாதையையும் அன்றாடம் பயன்படுத்த 2025 செப்டம்பரில் அரசு அனுமதி கொடுத்துவிட்டது. நீ ஓய்வு பெறுவதற்குள் அதில் இறங்குவாய்.

உன் செய்திக்குத் திரும்புகிறேன். சனிக்கிழமை மாலை என்கிறாய். சிட்டியை சனிக்கிழமை நண்பகலோடு மூடி ஞாயிறு நண்பகல்தான் திறக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் தூங்கட்டும் என்று. எனவே அது இல்லை. மீதி ஐந்து இருக்கின்றன. நீ இறங்கும் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டும் அனுப்பு. அது வரும்வரை உலை வைக்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா