அந்தக் கட்டுகளைப் பிரியுங்கள்: நூலகருக்கும் நூல் தேர்வுக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூலகர் அவர்களுக்கும் நூல் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மனித உடல், மனம், புலன்கள் பற்றிப் புதிதாக 34 நூல்கள் வந்திருப்பதாக அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டி நான்கு மாதம் ஆகிறது. அந்தக் காகிதத்தின் ஓரமே சுருண்டுவிட்டது. நூல்கள் இன்னும் அடுக்குக்கு வரவில்லை. பதிவு எண் போடவில்லை, ஆள் போதவில்லை, அடுத்த வாரம் பாருங்கள் என்று எனக்குக் கிடைத்த பதில்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பரிந்துரை ஏட்டில் நான் மூன்று முறை எழுதியதும் உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். நான்காவது முறை ஏட்டை விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்றால், போன வியாழக்கிழமை நடந்ததுதான் காரணம்.

உளவியல் அடுக்கின் முன்னால் ஒரு பெண் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஒரு வரியின் மேல் விரலை வைத்துப் படிப்பார், அடுத்த பத்திக்குப் போவார், மறுபடி அதே வரிக்குத் திரும்பி வருவார். கடைசியில் பக்கத்தில் நின்ற என்னிடம் நூலை நீட்டி, "இது உண்மையாங்க?" என்று கேட்டார். அவருடைய மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். தாயின் பாசம் குறைவதால்தான் குழந்தை இப்படித் தனக்குள் ஒடுங்கிப்போகிறது என்றது அவர் விரல் வைத்திருந்த வரி.

நூலைத் திருப்பிப் பார்த்தேன். பதிப்பு ஆண்டு 1968.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விரிவாக விவரித்து எழுதினார். அதன் பிறகு இருபது முப்பது ஆண்டுகள் மனநல வல்லுநர்கள் பலர் பழியைத் தாய்மார்கள் மேல் போட்டார்கள். அன்பின் சூடு இல்லாதவர் என்ற பொருளில் 'குளிர்பெட்டித் தாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவருடைய மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது, 1964இல் அந்தக் கருத்தை எதிர்த்து எழுதினார். 1977இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. தாயின் அன்புக் குறைவு காரணம் என்பதை அறிவியல் கைவிட்டு எத்தனையோ காலமாகிறது. உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை அம்மா என்றேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "ஆனா புத்தகத்துலயே போட்டிருக்கே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வழியில் பார்த்த யாரோ ஒருவர் வாயால் சொல்வதும் நூலகத்தின் முத்திரை குத்திய பக்கமும் ஒன்றாகுமா? அவர் கையில் கொடுக்க எனக்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. பட்டியலில் பதினோராவதாக இருப்பது ஆட்டிசம் பற்றிய புது நூல்தான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால், சணல்கூடப் பிரிக்காத கட்டுக்குள் அது இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். புது நூல்களை அடுக்கில் வையுங்கள். அந்த 1968ஆம் ஆண்டு நூலை அங்கிருந்து எடுங்கள்.

ஒரு நாவல் எவ்வளவு பழசானாலும் வாசகருக்குக் கேடில்லை. உடலையும் மனதையும் பற்றிய நூல் அப்படியல்ல. அது பழசாகும்போது பல நேரம் படிக்கிறவர் மேலேயே பழி போடுகிறது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று சொல்லும் நூல் உங்கள் 616ஆம் எண் அடுக்கில் இருக்கிறது. பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் சில வலி மாத்திரைகளும் இருக்கின்றன. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அந்தக் கிருமியின் பங்கைக் கண்டுபிடித்ததற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பழைய நூலை நம்புகிறவர், கிருமிக்கு மருந்து சாப்பிடாமல், கவலைப்படும் தன் சுபாவத்தையே நொந்துகொண்டிருப்பார். தன்பால் ஈர்ப்பை மனநோய் என்று வகைப்படுத்தும் நூலும் அதே வரிசைக்குப் பக்கத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பதினாறு வயதில் அந்தப் பக்கத்தைத் தனியாகப் புரட்டும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

புலன்கள் பற்றிய நூல்களில் காயம் இவ்வளவு ஆழமில்லை, ஆனால் பிழை பிழைதான். நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பங்கு பிரித்த படத்தைச் சிறுவர்கள் நோட்டில் பார்த்து வரைகிறார்கள். 1901இல் ஜெர்மனியில் வந்த ஓர் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. ஒரு துளி உப்பை நாக்கு நுனியில் வைத்தாலே போதும், படம் பொய் என்று தெரிந்துவிடும். அந்தப் படம் இருக்கும் நூலில் தொடுகைக்கு அரைப் பக்கம்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட முடிகிறதே, அந்த உணர்வுக்கு ஒரு வரிகூட இல்லை. தொடுகைக்கும் இந்த உணர்வுக்கும் அடிப்படையான பீசோ என்ற உணர்வாங்கிகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும், சூட்டை உணர்வது எப்படி என்று காட்டிய டேவிட் ஜூலியஸுக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டியலின்படி இதெல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. படிக்க ஆளும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளரிளம் பருவத்து உடல் மாற்றங்கள் பற்றிய நூல்களை உங்கள் மேசைக்குப் பின்னால் உள்ள பீரோவில் வைத்திருக்கிறீர்கள். கேட்டால் தருவோம் என்கிறீர்கள். முதல் மாதவிடாய் வந்து பயந்திருக்கும் பெண்பிள்ளை, வரிசையில் நாலு பேர் நிற்கும்போது அந்த நூலைப் பெயர் சொல்லிக் கேட்பாளா? கேட்க மாட்டாள். எதையும் தெரிந்துகொள்ளாமலே வீட்டுக்குப் போவாள். போட்டித் தேர்வு வழிகாட்டிகள் வந்த மறுநாளே அடுக்கில் இருக்கின்றன. அதற்கு மட்டும் ஆள் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். உங்கள் ஊழியர்கள் படும் பாட்டை நான் நேரில் பார்க்கிறேன். நல்ல நூல்களாகத் தேர்ந்தெடுத்து வாங்கியவர்கள் நீங்கள்தான், அதற்கு நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். பழைய நூல்களைக் குப்பையில் போடவும் சொல்லவில்லை. அறிவியல் எங்கெல்லாம் தடுமாறியது என்று ஆராய்கிறவர்களுக்கு அவை வேண்டும். தனி அறையில், பழைய பதிப்பு என்று சீட்டு ஒட்டி வையுங்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சொன்னதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உயிரி என்றால் புதியதை ஏற்பதும் பழையதைக் கழிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

பதிவு எண் எழுதவும் முத்திரை குத்தவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னைப் போல இன்னும் இரண்டு உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறார்கள். 34 நூல்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பதினோராவது நூலை மட்டுமாவது முதலில் எடுத்து அடுக்கில் வையுங்கள். அந்தப் பெண் வியாழக்கிழமைகளில்தான் வருவார். இந்த வியாழன் அவர் வருவதற்குள் அது அங்கே இருக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவர்