எதில் கால்வாசி? கொழும்பு மிருக வைத்தியர்களுக்கும் பாமசிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பூனைக்கும் நாய்க்கும் மருந்து எழுதும் வைத்தியர்களுக்கும், அதை எடுத்துக் கொடுக்கும் பாமசிக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுக் கிழட்டுப் பூனைக்குச் சிறுநீரகம் பழுது. விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பதால் வயிற்று அமிலத்துக்கு ஃபமொட்டிடின் எழுதினார்கள். 20 மில்லிகிராம் குளிசையில் கால்வாசி. போன கிழமை பாமசியில் 20 முடிந்துவிட்டதாம், 40 தந்திருக்கிறார்கள். அதே வெள்ளை உறை, அதே "1/4" கிறுக்கல். எத்தனை மில்லிகிராம் என்று உறையில் எங்குமே இல்லை. வெட்டிய அட்டையின் ஓரத்தில் 40 என்று தெரிந்தபடியால்தான் பிடிபட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "அதே மருந்துதான், பயப்பட வேணாம்."

அதே மருந்துதான் ஐயா, அளவுதான் இரட்டிப்பு. நாலு கிலோ பூனைக்கு 5 மி.கி. போக வேண்டிய இடத்தில் 10. இந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்குத்தான் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும்.

பகலில் மருந்து கொடுப்பது அம்மா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் சிங்களமும் நன்றாக வாசிப்பார். உங்கள் ஆங்கிலக் கையெழுத்து அவருக்குப் புரியாது. (எனக்கும்தான்.) அந்தப் பொட்டுக் குளிசையை மரக்கறிக் கத்தியால் நாலாக வெட்டினால் ஒரு துண்டு தெறித்துப் போகும், இன்னொன்று மாவாகிவிடும். மேல்பூச்சு உடைந்த கைப்பு நாக்கில் பட்டதும் பூனை வாயெல்லாம் நுரை தள்ளி அலுமாரிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நஞ்சு ஏறிவிட்டதோ என்று அம்மா பதறிப்போய் எனக்குக் கோல் எடுப்பார். கைப்புக்கு நுரை தள்ளும் என்று யாராவது முன்கூட்டியே சொன்னீர்களா? வெறும் குளிசை தொண்டைக்குக் கீழே ஒட்டிப் புண்ணாக்கலாம், பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்பதையும் வேறோர் இடத்தில்தான் கேட்டறிந்தோம்.

எங்கள் வேண்டுகோள் சின்னது. மருந்தின் பெயர், ஒரு குளிசை எத்தனை மி.கி., அதில் எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இவற்றை உறையில் தெளிவாக, தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.

1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. காசு எடுக்கும் இயந்திரம்கூட மூன்று மொழியில் விசாரிக்கிறது. மருந்து உறைக்கு மட்டும் ஒரு மொழியும் ஒழுங்காக வராது! பூனைதானே என்று நினைக்கிறீர்களாக்கும். மனிதருக்குத் தரும் உறையும் இதே லட்சணம்தான்.

சரி, அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு. கேட்ட மருந்து இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வேறு அளவு கொடுப்பதென்றால் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டு, உறையில் புதிதாக எழுதிக் கொடுங்கள். மில்லிகிராமை மறக்காதீர்கள், தயவுசெய்து. எழுத நேரமில்லையென்றால் ஒரு ரப்பர் முத்திரை அடித்து வைத்துக்கொள்ளலாம். தமிழ் வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், காசு வேண்டாம்.