எல்லாப் படமும் ரவிவர்மா படம் அல்ல

ஆசிரியருக்கு,

ஏதாவது ஒரு ஜமீன் மாளிகையில் பழைய எண்ணெய் வண்ண ஓவியம் கிடைத்தால் 'ரவிவர்மா வரைந்தது' என்று எழுதிவிடுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. படத்தில் இருப்பவர் யார் என்பதற்கும் படத்தின் மரச் சட்டத்தில் ஆணியடித்த பித்தளைத் தகட்டையே எடுத்துக்கொள்கிறார்கள். தகட்டைப் பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். அதைக் கடைசியாக விசாரித்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது படத்தில் இருப்பவரின் மார்பை. பிரிட்டிஷ் அரசு இந்திய மன்னர்கள் போன்றோருக்குக் கொடுத்த 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருது 1861-இல் ஏற்பட்டது. வெளிர்நீல நாடா, அதன் இரு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. ஐந்து முனை நட்சத்திரத்தின் கீழ் விக்டோரியா தலை செதுக்கிய நீள்வட்டக் கல். ஊதா நாடாவும் சிவப்பு ரோஜாவும் தெரிந்தால் அது 1878-இல் வந்த 'இந்தியன் எம்பயர்' விருது. இன்ன ஆண்டு இன்னாருக்கு எந்த விருது என்பது அரசிதழில் இருக்கும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் வம்சங்களில் இருவரையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இறந்தவரைப் புகைப்படம் பார்த்து வரைவதும் உண்டு. ஆகவே பதக்கம் 'இந்த ஆண்டுக்கு முந்தியதல்ல' என்று மட்டுமே சொல்லும். வரைந்த ஆண்டைச் சொல்லாது.

பெண்களின் படத்தில் நகைதான் துப்பு. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில், 1545 வாக்கில் தீட்டிய ஒரு முழு உருவப் படத்துக்குப் பல ஆண்டுகள் 'ஜேன் கிரே' (ஒன்பது நாள் இங்கிலாந்து ராணியாக இருந்தவர்) என்று பெயர் போட்டிருந்தார்கள். 1996-இல் சூசன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், அந்தப் பெண் மார்பில் அணிந்த கிரீட வடிவப் பதக்கம் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பாரின் நகைப் பட்டியலில் இருப்பதைக் காட்டினார். பெயர் மாறியது. ஜேன் கிரேக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்! அதை வரைந்தவர் 'மாஸ்டர் ஜான்' என்ற ஓவியர் என்பதற்கு அடிப்படை ஒரு கணக்குப் புத்தகம். ஹென்றியின் மகள் இளவரசி மேரியின் படத்தை வரைந்த 'ஜான்' என்பவருக்கு 1544-இல் ஐந்து பவுண்டு கொடுத்ததாக மேரியின் செலவுக் கணக்கில் இருக்கிறது. அந்தப் படத்தோடு பாணியை ஒப்பிட்டுத்தான் இந்தப் படத்தையும் அவர் கணக்கில் சேர்த்தார்கள். நம் சமஸ்தானங்களின் வரவுசெலவுக் கணக்குகளையும் நகைப் பட்டியல்களையும் இதற்காகப் புரட்டுவோர் குறைவு.

அடுத்து, படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கித்தான் (ஓவியம் தீட்டும் கான்வாஸ் துணி) விற்ற கடையின் முத்திரை, ஏலச் சீட்டு, சாக்கட்டி எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். படத்தின் சொந்தக் கித்தானில் லண்டன் 'வின்சர் அண்ட் நியூட்டன்' முத்திரை இருந்தால் படம் 1832-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்தக் கடையே அந்த ஆண்டில்தான் தொடங்கியது. சட்டம் மாற்றுகிறவர் பழைய மரத்தைத் தூக்கி எறிவதும், முதுகில் புதுத் துணி ஒட்டி முத்திரையை மறைப்பதும்தான் பெரிய சேதம். சட்டம் போடும் கடைக்கு அனுப்புமுன் பின்பக்கத்தை முழுதாகவும், எழுத்துள்ள இடங்களைக் கிட்டத்திலும் படமெடுத்துவிட வேண்டும்.

அச்சா, ஓவியமா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். முகத்தில் தூரிகைத் தடமே இல்லாமல் வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப் படம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள்கூட, வார்னிஷ் பூசிச் சட்டம் போட்டால் தூரத்தில் ஓவியம்போலவே இருக்கும். கையெழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தால் அதைப் பின்னால் யாரோ போட்டிருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், மேலே பூசிய ஒட்டு வேலை கறுப்பாகத் தெரியும்.

தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று ஈரத் துணியாலோ தேங்காய் எண்ணெயாலோ துடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கி அடிப்பூச்சை உப்ப வைக்கும். வண்ணம் செதிலாகக் கழன்று விழும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறுக்கும். முதலில் கழன்று விழுவது பெரும்பாலும் மேலாகப் போட்ட நகையும் எழுத்தும்தான்.

இனி இப்படி ஒரு படத்தை வெளியிடும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், நீள அகலத்தை சென்டிமீட்டரிலும், மார்புப் பகுதியைத் தனியாகப் பெரிதாக்கியும் போடுங்கள். ஓவியர் பெயர் உறுதியாகும் வரை 'ஓவியர் தெரியவில்லை' என்றே அச்சிடலாம்.

— ஒரு வாசகர், மதுரை