டிஏபி வரலைன்னு மட்டும் எழுதுறீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

சம்பா நடவு நேரம், டெல்டாவுல எந்த உரக்கடைக்கு போனாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரமான டிஏபி வந்துச்சான்னு தான் கேட்டுட்டு நிக்குறாங்க. தட்டுப்பாடு பத்தி உங்க பேப்பர்லயும் வருது, நம்ம வயலுக்கு அது எவ்ளோ வேணும்ங்கிறதையும் கொஞ்சம் எழுதுங்க.

நெல்லுக்கு பொதுவா சொல்ற அளவு எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து, ஏக்கருக்கு 20 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டை ஒண்ணுலயே 23 கிலோ இருக்கு. எங்க ஊர்ல அடியுரமா அதை போட்டுட்டு, பயிர் பச்சை புடிக்கலன்னு மேலுரமா மணிச்சத்து கலந்த காம்ப்ளக்ஸ் உரம் வேற போடுறாங்க. மணிச்சத்து யூரியா மாதிரி காத்துல போறதில்ல, களிமண்ண புடிச்சுகிட்டு வருஷா வருஷம் அங்கயே சேரும். மண் பரிசோதனையில, மண்ணுல ஏற்கனவே பயிருக்கு கிடைக்கிற மாதிரி இருக்கிற மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவ தாண்டினாலே அதிகம், என் வயலோட மண்வள அட்டையில 34 வந்திருக்கு. சேறடிச்சு தண்ணி கட்டினா இரும்போட ஒட்டி கிடக்கிற பழைய சத்தும் பயிருக்கு கிடைக்கும், அப்புறம் எதுக்கு இவ்ளோ? மணிச்சத்து மிஞ்சினா பயிர் துத்தநாகத்த (ஜிங்க்) சரியா எடுக்காது, அதுக்கு ஜிங்க் சல்பேட் தனியா வாங்குறோம்.

பணம் போறது ஒரு பக்கம், வடிகால பாருங்க. நட்ட வயல்ல மேலாக்க தூவின உரம் நிக்கிற தண்ணியிலயே கரைஞ்சு கிடக்கும், அன்னைக்கு ராத்திரி ஐப்பசி மழை புடிச்சா காலையில எல்லாரும் வரப்ப வெட்டி தண்ணிய விடுறோம், கலங்கலா போற அந்த தண்ணியில உரமும் மேல்மண்ணும் சேந்தே போகுது. அதை தின்னுட்டு தான் வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை மண்டுது (ஊர் சாக்கடையும் காரணம் தான், இல்லைங்கல). அது அடைச்சுக்கிட்டா அடுத்த மழைக்கு தண்ணி வடியாம அதே சம்பா பயிர் தான் அழுகுது. வருஷா வருஷம் மிஷின் வச்சு தாமரைய அள்ளுறாங்க, அதுக்கு தீனி போறத யாரும் நிறுத்தல.

மண்வள அட்டை 2015ல இருந்து இருக்கு. கோடையில வயல் காஞ்சு கிடக்கும்போதே மண்ணு எடுத்து, நடவுக்கு முன்னாடி ரிசல்ட் கைக்கு வரணும். கூட்டுறவு சொசைட்டியில உரம் குடுக்கும்போது அந்த அட்டைய பாத்து மூட்டைய சொல்லணும். அதிகம்னு வந்த வயலுக்கு டிஏபிய குறைச்சுட்டு, மண்ணுல இருக்கிற மணிச்சத்த கரைச்சு குடுக்கிற பாஸ்போபாக்டீரியா குடுக்கலாம், போடுற கொஞ்சத்தையும் கடைசி உழவுல சேத்தோட கலக்க சொல்லணும், உரம் போட்டு ஒரு வாரமாவது வரப்ப வெட்டாம பாத்துக்கணும். வேளாண்மைத்துறை இதை இந்த சீசன்லயே ஊர் ஊரா வந்து சொல்லணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, மன்னார்குடி பக்கம்