டீக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள பங்கு மக்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறும் நேற்று முடிந்தது. கடைசிச் சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறிய பிறகுதான் எங்கள் சமையல் குழுவுக்கு மூச்சே வந்தது. யாங்கோனில் நம் கோயில் மண்டபத்தை இந்த வருடம் பூட்ட வேண்டி வந்தது.

நவம்பர் 30 அன்று முதல் மெழுகுதிரி ஏற்றியபோது, ஞாயிறுதோறும் மண்டபத்தில் பந்தி போடுவதாகத்தான் பேச்சு. தனியாக இருக்கும் பெரியவர்களும், மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீடு இழந்து மண்டலேயிலிருந்து சொந்தக்காரர்களிடம் வந்து தங்கியிருப்பவர்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். மண்டபம் இல்லை என்றானதும் நடைபாதையில் வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வரிசை தெருமுனை வரை போனது. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார் ஒரு தாத்தா. கொடுக்கிற எங்களுக்கே மனசு கூசியது.

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருக்கும் பர்மாக்கார அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கடையின் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களை அடுக்கடுக்காகத் தூக்கிவந்து நடைபாதை நெடுகப் போட்டார். பின்னாலேயே கடைப் பையன் வெறும் தேயிலைத் தண்ணீர் கெட்டில்களையும் கிண்ணங்களையும் கொண்டுவந்தான். டீக்கடை மேசைகளில் காசு வாங்காமல் வைப்பார்களே, அதேதான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் பேச்சு வந்தது. எந்த ஊர், யாருடைய மகன், முட்டைக் குழம்பில் புளி கூடவா குறைவா என்று. அந்தத் தாத்தா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அக்காவும் எங்களோடு பொட்டலம் கொடுக்க வந்தார். நாங்கள் அவசரத்தில் நீட்டிக்கொண்டிருந்தோம். அவரோ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, சற்றுக் குனிந்து கொடுத்தார். விடியற்காலையில் பிக்குகளுக்குச் சோறிடும்போது எப்படிக் கொடுப்பாரோ அப்படியே. அதைப் பார்த்தபின் எங்கள் பிள்ளைகளும் குனிந்துதான் கொடுத்தார்கள். அவர் நம் மதத்தவர் அல்ல. இயேசு பிறந்த இரவில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் நேர்ந்ததை, "விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை" என்று ஆண்டுதோறும் நாம்தான் வாசிக்கிறோம். அன்று இடம் போட்டது அவர். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நாங்கள் சொல்லி அனுப்பும் முன்பே ஸ்டூல்கள் வந்துவிட்டன. தன் கடைக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டே டீ குடித்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார். அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கரண்டு போன நேரங்களில் கரியடுப்பு கொடுத்த வீடுகளுக்கும், பெரிய தேக்சாக்களைக் கழுவித் துடைத்து இரவல் தந்த பள்ளிவாசல்காரர்களுக்கும், வீசைக் கணக்கில் வெங்காயம் உரித்த பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பெண்களுக்கும், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீடு தேடிப் பொட்டலம் கொண்டுபோன சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுநர்களுக்கும், பாட்டுப் பயிற்சியை விட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்கிய பாடற்குழுப் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டு கொஞ்சம் சுருதி விலகினாலும் இந்த வருடம் யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி எங்கள் சமையலைச் சாப்பிட வரும் யாரையும் நிற்கவைக்க மாட்டோம். மண்டபம் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. சொந்தமாக ஸ்டூல் வாங்க உண்டியல் ஒன்று கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் அதே நடைபாதையில் சாப்பாடு. டீக்கடை அக்காவுக்கு முதல் இடம். அவர் பரிமாற எழுந்தால் பிடித்து உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும், முன்வாருங்கள்.

நன்றியுடன்,
பங்குச் சமையல் குழுவுக்காக